ஓதத்தில் கிழியும் சுருள் மண்டலங்கள்

கடலூர் முதுநகரில் உப்பனாற்றங்கரையில் கட்டிக் கிடக்கும் படகுகளைப் பாருங்கள். ஒரு நாளில் இரண்டு முறை தண்ணீர் ஏறும், இரண்டு முறை வடியும். நிலா ஒன்றுதான், ஓதம் மட்டும் ஏன் இரண்டு? இந்தக் கேள்விக்கு விடை பிடிபட்டால், கோடிக்கணக்கான ஒளியாண்டுகளுக்கு அப்பால் இரண்டு சுருள் விண்மீன் மண்டலங்கள் நெருங்கும்போது நடப்பதில் பாதி பிடிபட்டுவிடும்.

நிலா, தன் பக்கம் இருக்கும் கடலைக் கொஞ்சம் அதிகமாக இழுக்கிறது. நடுவில் இருக்கும் பூமியை அதைவிடக் குறைவாக இழுக்கிறது. மறுபக்கக் கடலை இன்னும் குறைவாக இழுக்கிறது. ஆக, பூமியிலிருந்து பார்த்தால் ஒரு பக்கத் தண்ணீர் முந்திப் போகிறது, மறுபக்கத் தண்ணீர் பின்தங்கி நிற்கிறது. இரண்டு பக்கமும் மேடு. வேலை செய்வது இழுப்பு அல்ல, இழுப்பில் இருக்கும் வேறுபாடு. இழுப்பு தூரத்தின் இருமடிக்குத் தலைகீழாகக் குறையும். இந்த வேறுபாடோ மும்மடிக்குத் தலைகீழாகக் குறையும். தூரம் பாதியானால் ஓத விசை எட்டு மடங்கு. நம் கரையில் அது ஏறத்தாழ ஒரு மீட்டர் தண்ணீரைத்தான் ஏற்றி இறக்குகிறது. இரண்டு மண்டலங்கள் அருகருகே உரசிப் போகும்போது அதே விசை விண்மீன்களை லட்சக்கணக்கான ஒளியாண்டு நீளத்துக்கு வால்களாக இழுத்துவிடுகிறது. அதுவும் இரண்டு பக்கமும். துணை மண்டலத்தை நோக்கி ஒரு பாலம், எதிர்ப்பக்கம் ஒரு வால்.

'மோதல்' என்ற சொல் இந்த இடத்தில் நம்மைத் திசைதிருப்புகிறது என்பது எங்கள் கருத்து. இரண்டு லாரிகள் மோதுவதுபோல எதுவும் அங்கே நடப்பதில்லை. சூரியனை 2 மில்லிமீட்டர் கடுகாகச் சுருக்கிப் புதுச்சேரிக் கடற்கரைக் காந்தி சிலையடியில் வையுங்கள். அடுத்த விண்மீன் 4.2 ஒளியாண்டுத் தொலைவில். அதே அளவுகோலில் 58 கிலோமீட்டர். அந்த அண்டை வீட்டுக்காரர், காகம் பறக்கும் நேர்கோட்டில், சிதம்பரத்துக்குச் சற்று முன்னால் இருப்பார். இடையில் இருக்கும் கடலூர், பரங்கிப்பேட்டை எல்லாம் காலி. இப்படிப்பட்ட இரண்டு கூட்டங்கள் ஒன்றையொன்று ஊடுருவிப் போனால் கடுகும் கடுகும் இடித்துக்கொள்ள வாய்ப்பு இல்லை என்றே சொல்லலாம்.

மண்டலங்களின் கணக்கு வேறு. நாம் இருக்கும் பால்வெளி மண்டலத்தின் குறுக்களவு சுமார் 1 லட்சம் ஒளியாண்டு. பக்கத்துப் பெருமண்டலமான ஆண்ட்ரோமீடா இருப்பது 25 லட்சம் ஒளியாண்டில். பால்வெளி 30 செ.மீ. தோசை என்றால் ஆண்ட்ரோமீடா 7.5 மீட்டர் தள்ளி, அதே கூடத்தின் மறுமூலையில் இருக்கும் இன்னொரு தோசை. விண்மீன்கள் ஒன்றுக்கொன்று தனித்தீவுகள். மண்டலங்களோ ஒரே வீட்டில் நெருக்கியடித்து வாழ்பவை. மண்டலங்கள் அடிக்கடி சந்திப்பதும், அந்தச் சந்திப்பில் விண்மீன்கள் இடித்துக்கொள்ளாமல் தப்புவதும் இதனால்தான்.

உண்மையாகவே மோதிக்கொள்வது வாயு. விண்மீன்களுக்கு இடையில் இருக்கும் ஹைட்ரஜன் மேகங்கள் பத்து, நூறு ஒளியாண்டு அகலம் உள்ளவை. ஒன்றை ஒன்று தவிர்க்க முடியாது. நொடிக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் முட்டி, அதிர்வலை எழும்பி, அமுங்கி, புதிய விண்மீன்களாகப் பொங்குகின்றன. ஆன்டெனா மண்டலங்கள் எனப்படும் என்ஜிசி 4038, 4039 இரண்டும் இப்போது அந்த நிலையில் இருக்கின்றன. ஹப்பிள் தொலைநோக்கி அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட இளம் விண்மீன் கொத்துகளைக் காட்டியது. இரண்டு வட்டுகளும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும் பகுதி கண்ணுக்குத் தெரியும் ஒளியில் கறுத்துத் தெரியும், அகச்சிவப்பில் கொழுந்துவிட்டு எரியும். தூசிப் போர்வைக்குள்தான் பிரசவம்.

இன்னொரு பகுதி வாயு உள்நோக்கிச் சரிகிறது. ஓத விசை வட்டின் நடுவில் உலக்கைபோல ஒரு நீள்வடிவை உண்டாக்கும். அந்த உலக்கை வாயுவின் சுழற்சி உந்தத்தை உறிஞ்சிக்கொள்ளும். சுழற்சி போனால் வட்டமடிக்க வழியில்லை, நேராக நடுவில் விழவேண்டியதுதான். ஆர்ப் 220 என்ற இணையும் மண்டலம் இதன் உச்சம். சுமார் 25 கோடி ஒளியாண்டுத் தொலைவில், இரண்டு மையக்கருக்கள் ஆயிரத்துச் சொச்சம் ஒளியாண்டு இடைவெளியில் நெருங்கிக் கிடக்க, பால்வெளியைவிட நூறு மடங்குக்கு மேல் வேகமாக விண்மீன்களைப் பிறப்பிக்கிறது.

இதையெல்லாம் யாரும் ஓடும் படமாகப் பார்த்ததில்லை. நொடிக்கு 300 கி.மீ. என்பது ஒளியின் வேகத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த வேகத்தில் ஒரு லட்சம் ஒளியாண்டு கடக்க 10 கோடி ஆண்டு ஆகும். நமக்குக் கிடைப்பவை ஒற்றைப் புகைப்படங்கள் மட்டும். ஹால்டன் ஆர்ப் 1966இல் 338 விசித்திர மண்டலங்களைப் படத்தொகுப்பாக வெளியிட்டார். அவற்றை எந்த வரிசையில் அடுக்குவது என்பதைக் கணக்குதான் சொல்ல வேண்டும்.

முதல் கணக்கைப் போட்டவர் கணினி இல்லாத காலத்தில் விளக்குகளால் போட்டார். சுவீடனின் எரிக் ஹோம்பெரி 1941இல் ஒரு மண்டலத்துக்கு 37 என்று 74 மின்விளக்குகளை மேசையில் பரப்பினார். ஒளியும் ஈர்ப்பும் ஒரே விதிப்படி, தூரத்தின் இருமடிக்குத் தலைகீழாகக் குறைகின்றன. ஆக ஒவ்வொரு விளக்கின் இடத்திலும் ஒளிமின்கலத்தை வைத்து எத்திசையில் எவ்வளவு ஒளி என்று அளந்தால், அதுவே அந்த இடத்து ஈர்ப்பு. அளந்து, விளக்குகளை நகர்த்தி, மறுபடி அளந்து... ஓத விசையால் சுருள் கைகள் எழுவதையும், உரசிப் போகும் மண்டலங்கள் ஆற்றல் இழந்து ஒன்றிடம் ஒன்று சிக்க முடியும் என்பதையும் அந்த மேசையில் கண்டார். இயற்பியல் செய்முறைகளில் இவ்வளவு அழகானவை குறைவு.

1972இல் ஆலர் டூம்ரி, யூரி டூம்ரி சகோதரர்கள் கணினியில் செய்தார்கள். அவர்கள் செய்ததை இன்று ஒரு சாதாரண மடிக்கணினியில் ஒரு மாலைப்பொழுதில் செய்துவிடலாம். கல்லூரி மாணவர்கள் அவசியம் செய்து பார்க்க வேண்டும். நூறு படங்கள் பார்ப்பதைவிட இது நிறைய சொல்லித்தரும். பைத்தான் நிரல்மொழியும் அதன் நம்பை கணக்கு நூலகமும் போதும்.

இரண்டு கனப்புள்ளிகள், ஒவ்வொன்றும் ஒரு மண்டலத்துக்குப் பதில்; ஒவ்வொன்றின் நிறை 1. ஈர்ப்பு மாறிலி 1. மிக நெருங்கும் தூரம் 1. ஒரு புள்ளியை +0.5இலும் மற்றதை −0.5இலும் வைத்து, இணைக்கும் கோட்டுக்குச் செங்குத்தாக ஒன்றுக்கு +1, மற்றதற்கு −1 திசைவேகம் கொடுங்கள். சார்புத் திசைவேகம் 2. இது பரவளையப் பாதை, அதாவது தூரத்திலிருந்து வந்து தூரத்துக்கே போகும் பாதை. இப்போது திசைவேகங்களின் குறியை மாற்றி 12 அலகு காலம் ஓட்டுங்கள். இரண்டுக்கும் இடையே தூரம் சரியாக 10 வர வேண்டும். 9.9 என்றோ 10.2 என்றோ வந்தால் நிரலில் பிழை. மேலே போகாமல் அங்கேயே நின்று தேடுங்கள். 10 வந்ததும் குறியை மறுபடி மாற்றினால் சந்திப்பின் தொடக்கம் தயார்.

அடுத்து, ஒரு புள்ளியைச் சுற்றி 0.2, 0.3, 0.4, 0.5, 0.6 ஆரங்களில் ஐந்து வளையங்கள். முறையே 12, 18, 24, 30, 36 துகள்கள், மொத்தம் 120. இவற்றுக்கு நிறை கிடையாது, இழுபடும், இழுக்காது. வட்டப்பாதை வேகம், ஆரத்தின் தலைகீழ் எண்ணின் வர்க்கமூலம்: 0.2இல் 2.24, 0.6இல் 1.29. காலப்படி 0.005. உள்வளையத் துகள் ஒரு சுற்றுச் சுற்ற 0.56 ஆகும் என்பதால் ஒரு சுற்றுக்கு நூற்றுக்கு மேல் படிகள் கிடைக்கும். நெருக்கத்துக்குப் பின் 8 அலகு வரை ஓட்டினால் மொத்தம் 4,000 படிகள்.

பலரும் தடுக்கி விழும் இடங்கள் நான்கைந்துதான். துகளுக்கு வட்டவேகம் மட்டும் கொடுத்துவிட்டு, அதன் தாய் மண்டலம் நகரும் திசைவேகத்தைக் கூட்ட மறப்பது முதல் தவறு. கனப்புள்ளி கிளம்பிப் போய்விடும், வளையங்கள் பேருந்தைத் தவறவிட்டவர்கள்போல நிற்கும். இரண்டாவது, பாடப்புத்தக ஆய்லர் முறை. அதில் வட்டப்பாதை மூடாது, ஒவ்வொரு சுற்றுக்கும் துகள் வெளியே கசியும்; ஓதம் வருவதற்கு முன்பே வட்டு கலைந்துவிடும். லீப்ஃப்ராக் முறையைப் பயன்படுத்துங்கள்: திசைவேகத்துக்குப் பாதிப்படி, இடத்துக்கு முழுப்படி, மறுபடி திசைவேகத்துக்குப் பாதிப்படி. காலத்தைப் பின்னோக்கி ஓட்டினாலும் அதே தடத்தில் திரும்புவது இதன் தனிச்சிறப்பு. மேலே சொன்ன 12 அலகுச் சோதனை அதை நம்பித்தான் இருக்கிறது.

மூன்றாவது, துகள் ஏதாவது கனப்புள்ளியை ஒட்டிப் போனால் விசை எகிறி, அது கவண்கல்போலப் பறக்கும். தூரத்தின் வர்க்கத்தோடு 0.05இன் வர்க்கத்தைக் கூட்டி விசையை மென்மையாக்கினால் அடங்கும். ஆனால் அப்படிச் செய்தால் வட்டவேகத்தையும் அதற்கேற்பத் திருத்த வேண்டும், 0.2இல் 2.24 அல்ல, 2.14. திருத்த மறந்தால் வளையங்கள் மூச்சு விடுவதுபோல விரிந்து சுருங்கும். கனப்புள்ளிகள் இரண்டுக்கும் இடையே மட்டும் இந்த மென்மை வேண்டாம், போட்டால் அந்த 10 வராது. எல்லாம் சரியா என்று பார்க்க, துணை மண்டலத்தை எடுத்துவிட்டு 12 அலகு தனியே ஓட்டிப் பாருங்கள். வளையம் வளையமாகவே இருக்க வேண்டும்.

இப்போது ஓட்டுங்கள். முதலில் வட்டு சுழலும் திசையும் துணை சுற்றிவரும் திசையும் ஒன்றாக இருக்கட்டும். வெளிவளையங்கள் முட்டைபோல நீண்டு, ஒரு பக்கம் துணையை நோக்கிப் பாலமாகவும் மறுபக்கம் வளைந்த வாலாகவும் பிரியும். உள்வளையம் அசைந்துகூடக் கொடுக்காது. காரணம் கையால் போடக்கூடிய கணக்கு: 0.2இல் சொந்த மண்டலத்தின் இழுப்பு 25, துணையின் ஓதம் 0.56. இரண்டு சதவீதம். 0.6இல் சொந்த இழுப்பு 2.8, துணையின் ஓதம் 5.25. சொந்த வீட்டுப் பிடியைவிட விருந்தாளியின் பிடி இரண்டு மடங்கு.

பிறகு துகள்களின் வட்டவேகத்துக்கு மட்டும் குறியை மாற்றி, எதிர்த்திசையில் சுழலவிட்டு மறுபடி ஓட்டுங்கள். அதே நிறை, அதே தூரம், அதே பாதை. ஆனால் வட்டு கொஞ்சம் கசங்கும், அவ்வளவுதான். நீண்ட வால் வராது. டூம்ரி சகோதரர்கள் காட்டியவற்றில் முக்கியமானது இதுதான். நெருங்கும் தருணத்தில் துணையின் கோண வேகம் 2. 0.6 வளையத்தின் கோண வேகம் 2.15. ஒரே திசை என்றால் இரண்டும் கிட்டத்தட்டச் சேர்ந்தே ஓடுகின்றன. புதுச்சேரி – கடலூர் சாலையில் பக்கத்தில் பக்கத்தில் போகும் இரண்டு பேருந்துகளின் சன்னல்கள்போல. கை நீட்டிப் பொட்டலம் வாங்கிக்கொள்ளலாம். எதிர்த்திசை என்றால் விர்ரென்று கடந்துவிடும், இழுப்பு ஒரு பக்கமாகச் சேர நேரம் கிடைக்காது. ஆன்டெனாவின் இரண்டு நீண்ட வால்களைப் பார்த்ததும், இரண்டு வட்டுகளுமே ஏறத்தாழ பாதையின் திசையில் சுழன்றவை என்று சொல்ல முடிவது இதனால்தான்.

அலகுகளை நிஜத்துக்கு மாற்ற: நீள அலகை 80,000 ஒளியாண்டு என்றும் நிறையைச் சூரியனைப்போல 10,000 கோடி மடங்கு என்றும் கொண்டால், ஒரு கால அலகு சுமார் 18 கோடி ஆண்டு. திரையில் சில நொடி ஓடியது 350 கோடி ஆண்டுக்கு மேல்.

ஆனால் இந்த நிரலில் மண்டலங்கள் ஒருபோதும் இணையாது. வந்த பரவளையத்திலேயே திரும்பிப் போய்விடும். இணைவதற்கு வேகம் குறைய வேண்டும், வேகம் குறைய உராய்வு வேண்டும். வெற்றிடத்தில் உராய்வு எங்கிருந்து வரும்? சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர் 1943இல் விடை சொன்னார். கனமான ஒன்று விண்மீன் கூட்டத்தினூடே போகும்போது, வழியில் உள்ளவற்றைத் தன்பால் இழுக்கிறது. அவை வந்து சேர்வதற்குள் அது முன்னே போய்விடுகிறது. கூட்டம் அதன் முதுகுக்குப் பின்னால் அடர்ந்து, பின்னோக்கி இழுக்கிறது. மாசிமகத்தன்று தேவனாம்பட்டினக் கரையில் சாமி போகப் போகப் பின்னால் சேரும் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கூட்டமே சாமியைப் பின்னுக்கு இழுத்தால் எப்படி இருக்கும்? இயங்கு உராய்வு என்பது அதுதான். மண்டலங்களைச் சுற்றியிருக்கும், கண்ணுக்குத் தெரியாமல் ஈர்ப்பால் மட்டும் தெரியவரும் கரும்பொருள் உறைதான் இந்த வேலையில் பெரும்பங்கு செய்கிறது. வெறும் வட்டுகள் மட்டும் என்றால் இணைவுக்கு இன்னும் எவ்வளவோ காலம் ஆகியிருக்கும்.

இதைக் கணினியில் காட்ட, துகள்களுக்கும் நிறை கொடுத்து எல்லாம் எல்லாவற்றையும் இழுக்கவிட வேண்டும். 10,000 துகள் என்றால் ஒரு படிக்கு ஏறத்தாழ 5 கோடி இணைகள், மடிக்கணினி முனகும். தொலைவில் உள்ள துகள் கூட்டத்தை ஒரே கட்டியாக எடுத்துக்கொள்ளும் பார்ன்ஸ்–ஹட் முறை 1986இல் வந்தது, இன்றும் அதுதான் எளிய வழி.

உராய்வு வந்தபின் கதை விரைவாக முடியும். முதல் உரசல், விலகல், மறுபடி விழுதல். ஒவ்வொரு முறையும் குறுகிய தூரம், குறுகிய இடைவெளி. கடைசியில் இரண்டு மையங்களும் ஒன்றாகின்றன. ஒழுங்காகச் சுழன்ற வட்டுகள் போய், விண்மீன்கள் எல்லாத் திசையிலும் பாயும் நீள்வட்ட மண்டலம் மிஞ்சும். வாயு நிறைய மிச்சமிருந்தால் புதிய வட்டு ஒன்று மறுபடி படியவும் கூடும். வால்களின் அடிப்பகுதி திரும்ப உள்ளே மழைபோல விழும், நுனிகள் திரும்புவதே இல்லை. நுனியில் வாயு திரண்டு சிறு குள்ள மண்டலம் உருவாவதும் உண்டு.

மையங்களில் இருந்த பெருங்கருந்துளைகளும் நெருங்கும். சந்திரசேகரின் பெயரைத் தாங்கிய சந்திரா எக்ஸ்கதிர்த் தொலைநோக்கி, என்ஜிசி 6240 என்ற இணையும் மண்டலத்தில் சுமார் 3,000 ஒளியாண்டு இடைவெளியில் இரண்டு கருந்துளைகளை 2002இல் காட்டியது. இத்தகைய ஜோடிகள் எழுப்பும் மிக மெதுவான ஈர்ப்பலைகளின் அறிகுறியை, பல்சார் எனப்படும் சுழலும் விண்மீன்களின் சீரான துடிப்புகளின் வழியே 2023 ஜூனில் பல நாட்டுக் குழுக்கள் அறிவித்தன. அதில் புனே அருகே உள்ள ராட்சத மீட்டரலைத் தொலைநோக்கியைப் பயன்படுத்தும் இந்தியக் குழுவும் உண்டு.

நம் பால்வெளி? ஆண்ட்ரோமீடா நம்மை நோக்கி வருவதை வெஸ்டோ ஸ்லைஃபர் 1912இல் அளந்தார். சூரியன் பால்வெளியைச் சுற்றிவரும் வேகத்தைக் கழித்தால் இரு மண்டலங்களும் நெருங்கும் வேகம் நொடிக்குச் சுமார் 110 கி.மீ. ஹப்பிள் அளவுகளை வைத்து 2012இல் சுமார் 400 கோடி ஆண்டில் மோதல் என்றார்கள், கிட்டத்தட்ட உறுதியாகவே. பால்வெளியின் துணை மண்டலமான பெரிய மெகல்லன் மேகத்தின் இழுப்பையும் சேர்த்து 2025இல் வந்த கணக்கு, அடுத்த 1,000 கோடி ஆண்டில் இணைய ஏறக்குறைய பாதிக்குப் பாதிதான் வாய்ப்பு என்கிறது. 'நிச்சயம் மோதும்' என்று இன்னும் எழுதிக்கொண்டிருப்பவர்கள் இதைத் திருத்திக்கொள்வது நல்லது. பக்கவாட்டு வேகத்தில் சின்ன மாற்றம் வந்தாலும் முடிவே மாறிவிடும். உங்கள் நிரலில் நெருங்கும் தூரத்தை 1இலிருந்து 2 ஆக்கிப் பார்த்தால் அது விளங்கும். தூரம் இரட்டித்தால் ஓதம் எட்டில் ஒன்று.

கண்ணால் பார்க்க வேண்டுமென்றால், நம் கரைக்கு வடகிழக்குப் பருவமழை முடிந்த பின்தான் காலம். பிப்ரவரி முதல் மே வரை, அமாவாசையை ஒட்டிய நாலைந்து இரவுகள். ஆன்டெனா இருப்பது அஸ்த நட்சத்திரத்தின் பக்கம். மார்ச் மூன்றாம் வாரம் நள்ளிரவில் தெற்கே, 59 பாகை உயரத்தில் நிற்கும். நம் ஊர் அட்சரேகைக்கு இது பெரிய பாக்கியம், வட ஐரோப்பாவில் இது அடிவானத்தையொட்டிக் கிடக்கும். தெற்கு நோக்கி நின்றால் அஸ்தத்தின் வலது மேல் மூலை விண்மீனிலிருந்து வலப்பக்கம், சற்றுக் கீழே, மூன்றரை பாகை. நீட்டிய கையில் இரண்டு விரல் அகலம். 8 அங்குலத் தொலைநோக்கியில், 80 முதல் 100 மடங்கு உருப்பெருக்கத்தில், வளைந்த இறால்போல ஒரு மங்கல் தெரியும். வால்கள் கண்ணுக்குத் தெரியாது.

துணை மண்டலம் ஒன்றோடு உரசிக்கொண்டிருக்கும் எம் 51 என்ற சுருள் மண்டலம், சப்தரிஷிக் கூட்டத்தை ஒட்டி இருக்கிறது. அருந்ததியைத் தாண்டி வால்முனையில் இருக்கும் மரீசியைப் பிடியுங்கள். மே மாத நடுவில் இரவு 10 மணிவாக்கில் வடக்கு நோக்கி நின்றால், மரீசிக்கு இடப்பக்கம், சற்று மேலே, மூன்றரை பாகை. கடலூர் நகருக்குள் இருந்து பார்த்தால் வானத்து வெளிச்சம் கைகளை விழுங்கிவிடும், இரண்டு மையங்கள் மட்டும் மிஞ்சும். தெற்கு வானத்துக்குச் சாமியார்பேட்டைப் பக்கமும், வடக்கு வானத்துக்கு மரக்காணம் பக்கமும் போவது நல்லது; ஊர் வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு.

கடற்கரையில் பெரிய எதிரி ஈரமும் உப்பும். நள்ளிரவுக்குமேல் துணைக்கண்ணாடியில் பனி படரும். பொருள் மங்குவதைக் கண்டு மேகம் என்று நினைத்துவிடுவார்கள். துணியால் துடைக்கவே கூடாது, உப்புத் துகள் பூச்சைக் கீறிவிடும். குழாய் முனையில் கறுப்பு அட்டையைச் சுருட்டி ஓர் அடி நீட்டிக் கட்டினால் பனி இறங்குவது தாமதமாகும். வீடு திரும்பியதும் மூடாமல் உலரவிட்டு, பிறகு மூடுங்கள். முதன்மைக் கண்ணாடியில் உப்பு படிந்துவிட்டால் காய்ச்சி வடித்த நீரை ஊற்றிக் கழுவி, சாய்த்து வைத்து, தானாக உலர விடுவதே வழி.

புகைப்படம் எடுப்பவர்கள் எம் 51க்கு ஒரு நிமிடப் படங்களாக 120 எடுத்து அடுக்கினால், இரண்டு மணி நேர ஒளியில், சுருள் கை ஒன்று நீண்டு துணை மண்டலமான என்ஜிசி 5195 வரை போவது தெரியும். உங்கள் நிரலில் துணையின் நிறையை மூன்றில் ஒன்றாகக் குறைத்து ஓட்டுங்கள். நிறை மாறியதால் சார்புத் திசைவேகத்தை 2இலிருந்து 1.63 ஆக்க மறக்காதீர்கள். பாதைத் தளத்தைக் கொஞ்சம் சாய்த்து, திரையில் வரும் பாலத்தைப் படத்தோடு ஒப்பிடலாம். கண்ணால் பார்ப்பவர்கள் அரை மணி நேரம் கைப்பேசித் திரையைப் பார்க்காமல் கண்ணை இருட்டுக்குப் பழக்குங்கள். மையத்தை உற்றுப் பார்க்காமல் பார்வையை ஓரத்துக்கு நகர்த்துங்கள். முதலில் இரண்டு பஞ்சுத் துணுக்குகள் தனித்தனியாகத் தெரியும். பத்து நிமிடம் கழித்து, காற்று அடங்கிய ஒரு நொடியில், இரண்டுக்கும் நடுவே இருட்டு முழு இருட்டாக இல்லை என்பது தட்டுப்படும்.